பனி விழறதுக்கு முன்னாடி கடை, குடோன், ஆபீஸ் ஃப்ளாட் ரூஃபை ரெடி பண்றது: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம் மக்களே. 18 வருஷமா கமர்ஷியல் கட்டிடங்களோட ஃப்ளாட் ரூஃப் வேலைதான் பாக்குறேன், எல்லாமே பனி கொட்டுற இடங்கள்ல. குளிர்ல வர்ற முக்காவாசி பிரச்சனை குளிர் வர்றதுக்கு முன்னாடியே மேல ரெடியா உக்காந்திருக்கும், நாமதான் ஏறிப் பாக்குறதில்ல. அதனாலதான் இப்பவே கேளுங்கன்னு சொன்னேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒவ்வொண்ணா வரேன்.

கேள்வி: அண்ணே, ரெண்டு கடை இருக்கிற கட்டிடம், 12 வருஷ ரூஃப், இதுவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. ஒரே ஒரு வேலைதான் பண்ண முடியும்னா எதைப் பண்ணணும்?

ட்ரெயின் தம்பி. யோசிக்கவே வேண்டாம். தண்ணி போற வாயை முதல்ல பாருங்க.

எல்லாரும் ட்ரெயின் வாய் மேல இருக்கிற ஜாலிய, அதாவது இலை உள்ள போகாம தடுக்கிற சல்லடை மூடியை மட்டும் பாத்துட்டு, இலையைக் கூட்டித் தள்ளிட்டு கிளீன் பண்ணியாச்சுன்னு இறங்கிடுறாங்க. போன சீசன்ல ஒரு குடோன்ல இப்படித்தான், ஜாலி பளிச்சுனு இருந்துச்சு, சுத்தி ஒரு இலை கிடையாது. எனக்கு மனசு கேக்கல, ஜாலிய கழட்டி முழங்கை வரைக்கும் கையை விட்டேன், உள்ள களிமண் மாதிரி இறுகிப்போன இலைச்சேறு, அதுக்குள்ள ஒரு கையுறை, நாலஞ்சு ஸ்க்ரூ, ரூஃபிங் ஷீட்டோட வெட்டுத்துண்டு ஒண்ணு. எடுத்து முடிச்சு ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினா அப்பவும் குபுகுபுன்னு திரும்பி மேலதான் வருது, கீழ வளைவுல இன்னொரு அடைப்பு. அந்த ரூஃப்ல அடுத்த மழை பெஞ்சு உறைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

கணக்கு சிம்பிள்தான். 1 சதுர மீட்டர்ல 1 மி.மீ தண்ணி நின்னா 1 கிலோ. 100 சதுர மீட்டர்ல 5 செ.மீ தேங்கினா 5 டன், அதுக்கு மேல பனி வேற விழணும். அந்தத் தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், ஜாயின்ட்ல ஒரு முடி அளவு இடைவெளி இருந்தாலும் உள்ள போய் உறைஞ்சு அதை விரிக்கும், பகல்ல உருகி இன்னும் உள்ள போகும், ராத்திரி திரும்ப உறையும். ஒரே வாரத்துல அஞ்சாறு தடவை இப்படி நடந்தா போதும்.

அதனால கையால சுத்தம் பண்ணுங்க, அப்புறம் ஹோஸ் போட்டு ஒரு பத்து நிமிஷம் தண்ணிய விட்டு இழுக்குதான்னு கூடவே நின்னு பாருங்க. ரூஃப் மேல தண்ணி இறங்காம விரிச்சிருக்கிற ஷீட்டை ட்ரெயின் வாய்ல அழுத்திப் பிடிக்கிற வளையத்தோட போல்ட் எல்லாம் டைட்டா இருக்கான்னு பாருங்க. ஜாலி உடைஞ்சிருந்தா அன்னைக்கே மாத்துங்க. கைப்பிடிச்சுவர்ல ஓவர்ஃப்ளோ ஓட்டை இருக்கும், மெயின் வாய் அடைச்சா தண்ணி அது வழியாதான் தப்பிக்கணும், அதுல பறவைக்கூடு இல்லாம பாத்துக்கோங்க. மரத்துல இலை முழுசா கொட்டினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை கட்டாயம் ஏறணும், முதல் தடவை பண்ணினது பாதிக்கு பாதிதான் கணக்கு.

கேள்வி: மழை நின்னு ரெண்டு நாள் ஆனாலும் ஒரு மூலைல குளம் மாதிரி நிக்குது. இது நார்மலா?

48 மணி நேரத்துக்கு அப்புறமும் நின்னா நார்மல் இல்ல. புதுசா போடுற ரூஃபுக்கு சுமார் 2 சதவீதம் சரிவு வைப்பாங்க, அதாவது 1 மீட்டருக்கு 2 செ.மீ. பேருதான் ஃப்ளாட், உண்மைல சமதளமா இருக்கவே கூடாது.

அடுத்த மழைக்கு அப்புறம் தேங்கின தண்ணியோட ஓரத்தைச் சுத்தி சாக்பீஸ்ல கோடு போட்டு போட்டோ எடுத்து வைங்க, குளம் வருஷா வருஷம் பெருசாகுதான்னு அப்பதான் தெரியும். காஞ்சதும் அந்த இடத்துல மெல்ல நடந்து பாருங்க. கால் மெத்து மெத்துன்னு அமுங்கினா ஷீட்டுக்குக் கீழ இருக்கிற இன்சுலேஷன், அதாவது சூடு வெளிய போகாம தடுக்கிற அடுக்கு, தண்ணி குடிச்சிருக்குன்னு சந்தேகப்படணும். சூட்டைப் படமா காட்டுற தெர்மல் கேமரா வச்சிருக்கிற ஆளைக் கூப்பிட்டு, நல்லா வெயில் அடிச்ச நாளோட சாயங்காலம் பாக்கச் சொல்லுங்க, ஈரமான இடம் சூட்டை சீக்கிரம் விடாது, மத்த இடம் ஆறினதுக்கு அப்புறமும் அது மட்டும் தனியா தெரியும். கேமரா காட்டுதுன்னு உடனே பிரிச்சிடாதீங்க, ஒரு சின்ன துண்டு வெட்டி எடுத்துப் பாத்து உறுதி பண்ணிட்டு அந்த ஓட்டைய ஒழுங்கா மூடணும். நனைஞ்ச இன்சுலேஷன் தானா காயும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மேலயும் கீழயும் மூடியிருக்கு, அது எங்க காயும்? வெட்டி எடுத்து மாத்துறதுதான் வழி. சரிவைத் திருத்துறது பெரிய வேலை, அது வெயில் காலத்துக்கு இருக்கட்டும், இந்த சீசனுக்கு அந்த மூலைக்குப் பக்கத்து ட்ரெயின் ஒழுங்கா இழுக்குதான்னு மட்டும் உறுதி பண்ணிக்கோங்க.

கேள்வி: ஜாயின்ட் எல்லாம் பார்வைக்கு நல்லாதான் இருக்கு, வேற எப்படி செக் பண்றது சார்?

கண்ணால பாத்தா தெரியாது, தடவிப் பாக்கணும். முனை மழுங்கின ஒரு கொக்கி மாதிரி டூல் எடுத்து ஜாயின்ட் ஓரத்துல லேசா அழுத்திட்டே இழுத்துட்டுப் போங்க. நல்லா ஒட்டியிருந்தா வழுக்கிட்டுப் போகும், விட்டிருந்தா முனை உள்ள நுழையும். ரொம்ப அழுத்தாதீங்க, நல்ல ஜாயின்டையும் கிழிச்சிடும். டிபிஓ, பிவிசின்னு சொல்ற பிளாஸ்டிக் வகை ஷீட் எல்லாம் சூடு வச்சு வெல்டு பண்ணினது, ஈபிடிஎம்னு சொல்ற ரப்பர் ஷீட் பசையோ டேப்போ வச்சு ஒட்டினது, பழைய ரப்பர் ரூஃபா இருந்தா ஒட்டின இடத்துல கூடுதல் கவனம் வேணும். மூணு ஷீட் ஒண்ணா சேர்ற இடம்தான் எல்லாத்துலயும் வீக்.

ஆனா நடு ரூஃபை விட ஓரத்துலயும், குழாய் மேல வர்ற இடத்துலயும், ஏசி யூனிட்டோட அடிலயும்தான் நான் அதிகமா ஒழுகல் பாத்திருக்கேன். சுவரும் தரையும் சேர்ற மூலைல ரப்பர் ஷீட் சுருங்கி, மூலைல ஒட்டாம தொட்டில் மாதிரி இழுத்துக்கிட்டு நிக்கும், விரலால தட்டினா டம்முனு சத்தம் வரும். குளிர்ல அது இன்னும் இறுகும், பனி அள்ள வந்தவர் தெரியாம அதுல கால் வச்சா அவ்வளவுதான், கிழிஞ்சிடும். அப்படி இருந்தா இப்பவே வெட்டி லூசாக்கி புதுசா ஃப்ளாஷிங், அதாவது மூலையை மூடுற ஷீட் பட்டை ஒட்டச் சொல்லுங்க. சுவர் மேல மூடியிருக்கிற தகட்டோட ஜாயின்ட்ல சீலன்ட், அதாவது இடைவெளியை அடைக்கிற பசை, வெடிச்சிருக்கான்னும் பாருங்க.

கேள்வி: சீலன்ட், கோட்டிங் எல்லாம் பனி ஆரம்பிச்ச பிறகு அடிச்சா ஒத்துக்காதா? இப்ப ஆள் கிடைக்கல.

பெரும்பாலான பசைக்கும் சீலன்டுக்கும் சுமார் 5 டிகிரிக்கு மேல வேணும், தளம் காஞ்சிருக்கணும். பகல்ல 8 டிகிரி இருக்கேன்னு அடிச்சுட்டு ராத்திரி மைனஸ்க்கு போச்சுன்னா அது செட் ஆகாது. தண்ணில கலந்த அக்ரிலிக் கோட்டிங் குளிருக்கு ஆகவே ஆகாது, டப்பாவுக்குள்ளயே உறைஞ்சா அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆள் கிடைக்கலன்னா கோட்டிங்கைத் தள்ளிப் போடுங்க, ஓட்டை அடைக்கிற வேலையைத் தள்ளிப் போடாதீங்க. நடு குளிர்ல அவசரம்னு வந்தா ஈரத்துல ஒட்டுற சீலன்ட் இருக்கு, அது தற்காலிகம்தான், வெயில் வந்ததும் பிரிச்சு ஒழுங்கா பண்ணணும்.

கேள்வி: எங்க மெயின்டனன்ஸ் பையன் விரிசல்ல எல்லாம் தார் பேஸ்ட் பூசி வச்சிருக்கான், ரப்பர் ரூஃப்தான். பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு சொல்ல முடியல சார். ஈபிடிஎம்முக்கும் பெட்ரோலியப் பொருளுக்கும் ஆகாது, ரப்பர் ஊதி மெத்துனு ஆயிடும், பிவிசிக்கும் தார் ஆகாது. பூசின இடத்தை வெட்டி எடுத்துட்டு அதே வகை ஷீட்டுல பேட்ச் போடணும். தார் ரூஃபுக்குத்தான் தார்.

கேள்வி: எவ்வளவு பனி சேர்ந்தா அள்ளணும்? ஒரு அடி வரைக்கும் விடலாமா?

அடிக்கணக்கு உங்களை ஏமாத்திடும். புதுசா விழுந்த உலர்ந்த பனி 1 கன மீட்டர் 50லிருந்து 100 கிலோ இருக்கும், ஈரமான பனி 400 கிலோவையும் தாண்டும், கெட்டி ஐஸ் 900 கிலோவுக்கு மேல. அதே 30 செ.மீ உயரம்தான், 1 சதுர மீட்டருக்கு 30 கிலோவும் இருக்கலாம், 120 கிலோவும் இருக்கலாம். பனி மேல மழை பெஞ்சா பஞ்சு மாதிரி குடிச்சு வச்சுக்கும், உயரம் குறைஞ்ச மாதிரி தெரியும், எடை ஏறியிருக்கும். உங்க ரூஃப் எவ்வளவு தாங்கும்னு கட்டிட டிராயிங்ல இருக்கும், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட இப்பவே கேட்டு அந்த நம்பரை எழுதி வச்சுக்கோங்க, பனிப்புயல் அன்னைக்கு தேடாதீங்க.

நான் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 1922 ஜனவரி 28 வாஷிங்டன்ல நிக்கர்பாக்கர் தியேட்டரோட ஃப்ளாட் ரூஃப் பனியோட இறங்கி 98 பேர் செத்தாங்க. 84 வருஷம் கழிச்சு அதே ஜனவரி 28, 2006ல போலந்து கட்டோவிட்சேல கண்காட்சி ஹால் விழுந்து 65 பேர், புறா கண்காட்சி பாக்க வந்தவங்க. ரெண்டுலயும் கட்டின விதத்துல குறை இருந்துச்சு, ஆனா இழுத்து விட்டது மேல இருந்த பனி.

கதவு திடீர்னு இறுகுது, ஃபால்ஸ் சீலிங்ல தீயணைக்கத் தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளர் தலை வழக்கத்தை விட கீழ நீட்டிட்டு நிக்குது, கிறீச்னு சத்தம் வருது, சுவர்ல புது விரிசல், இதுல எது வந்தாலும் முதல்ல ஆளுங்களை வெளிய அனுப்புங்க. மேல ஆள் ஏத்தி அள்ளச் சொல்லாதீங்க, அதுவும் எடைதான்.

நல்லா இருக்கும்போது அள்ளுறதுக்கும் முறை இருக்கு. ஒரு பக்கத்தை மொத்தமா காலி பண்ணி இன்னொரு பக்கம் குவிச்சு வைக்கக் கூடாது, ரெண்டு பக்கமும் சமமா குறைச்சுட்டே வரணும். பிளாஸ்டிக் மண்வெட்டிதான், தரை வரைக்கும் சுரண்டாதீங்க, 5 செ.மீ விட்டுடுங்க, அதுதான் ஷீட்டைக் காப்பாத்தும். காத்து கொண்டு வந்து சேர்க்கிற இடம், அதாவது கைப்பிடிச்சுவர் ஓரம், ஏசி யூனிட் பின்னாடி, உயரமான கட்டிடத்தை ஒட்டின தாழ்ந்த ரூஃப், அங்கதான் மத்த இடத்தை விட பல மடங்கு சேரும்.

இன்னொண்ணு, தயவு செஞ்சு இதை இந்த வாரமே பண்ணுங்க: ஸ்கைலைட் (வெளிச்சத்துக்கு ரூஃப்ல வச்சிருக்கிற கண்ணாடி ஜன்னல்), ட்ரெயின், குழாய் எல்லாத்துக்கும் பக்கத்துல உயரமா ஒரு கம்பு கட்டி கொடி வைங்க. பனி மூடினா ஸ்கைலைட் எங்க இருக்குன்னே தெரியாது, அது மேல கால் வச்சவர் நேரா கீழதான் போவார்.

கேள்வி: உப்பு தூவினா ஐஸ் கரைஞ்சிடுமே?

கரையும், கூடவே தகடு, ஸ்க்ரூ, ட்ரெயின் இரும்பையும் அரிக்கும். உப்பு தூவாதீங்க. கோடாலி, கடப்பாரை வச்சு ஐஸை உடைக்கவும் வேண்டாம். ஒரே ட்ரெயின் வருஷா வருஷம் உறைஞ்சா, தானா சூட்டைக் கூட்டிக் குறைக்கிற ஹீட் கேபிளை எலக்ட்ரீஷியனை வச்சு போடுங்க, ஏற்கெனவே இருந்தா இப்பவே ஆன் பண்ணி வேலை செய்யுதான்னு பாருங்க.

கேள்வி: மழையே இல்ல, பனியும் உருகல, கடும் குளிர் அடிச்ச அன்னைக்கு மட்டும் சீலிங்ல அங்கங்க சொட்டுது. ரெண்டு கம்பெனி வந்து பாத்தும் ஓட்டை கிடைக்கலன்னுட்டாங்க. அண்ணா, என்னவா இருக்கும்?

ஓட்டை இருக்காதும்மா, அதனாலதான் கிடைக்கல. உள்ள இருக்கிற சூடான ஈரக்காத்து மேல ஏறி, குளிர்ந்த ஷீட்டோட அடிப்பக்கத்துலயும் ஸ்க்ரூ முனைலயும் பட்டு தண்ணியா மாறுது. மேல சீலிங் பலகை ஒண்ணைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, ஸ்க்ரூ முனை ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு, வரிசையா, தொங்கிட்டு இருந்தா சந்தேகமே இல்ல, சில நேரம் அதுலயே வெள்ளையா உறைபனி படிஞ்சிருக்கும், ஹீட்டர் போட்டதும் மொத்தமா உருகிக் கொட்டும். உள்ள ஈரம் எங்கிருந்து வருதுன்னு தேடுங்க, சமையல், சலவை, குளியலறை எக்ஸாஸ்ட் குழாய் வெளிய போகாம சீலிங்குக்குள்ளயே முடியுதான்னு பாருங்க. ஈரத் தடுப்பு ஷீட் இன்சுலேஷனோட சூடான பக்கம் இருக்கணும், உங்க கட்டிடத்துல அது இருக்கான்னு செக் பண்ணுங்க. மேல சீலன்ட் பூசி காசை விடாதீங்க, மேல தப்பே இல்ல.

கேள்வி: ஏசி சர்வீஸ் ஆளுங்க வந்துட்டுப் போன பிறகுதான் எப்பவும் ஒழுகுது. அவங்க மேல பழி போடலாமா?

பழி போடுறதுக்கு முன்னாடி அவங்க போனதும் நீங்க ஒரு தடவை ஏறுங்க. கீழ விழுந்த ஸ்க்ரூ, தகட்டு வெட்டு, கழட்டி வச்ச பேனலோட கூரான மூலை, இதெல்லாம் பொறுக்கி எடுங்க, காலுக்கடியில ஒரு ஸ்க்ரூ மாட்டினாலே ஷீட்ல ஓட்டை. அவங்க நடக்குற வழில நடைபாதை பேட் போடுங்க. கேஸ் குழாய் உக்காந்திருக்கிற கட்டை குழாய் சுருங்கி விரியும்போது கூடவே நகர்ந்து ஷீட்டைத் தேய்க்கும், அதுக்கடியிலயும் பேட் வேணும். யூனிட்ல இருந்து வடியுற கண்டென்சேட் தண்ணி, அதாவது ஈரக்காத்து குளிர்ந்து வர்ற தண்ணி, ரூஃப் மேலயே ஓடினா குளிர்ல அது ஐஸ் மேடாயிடும், குழாயை ட்ரெயினுக்கோ உள்ளயோ திருப்பி விடச் சொல்லுங்க.

கேள்வி: நான் வாடகைக்கு இருக்கேன், ஓனர் "பனி போகட்டும், பாத்துக்கலாம்"னு சொல்றார். நான் என்ன பண்றது?

இன்னைக்கே போட்டோ எடுங்கக்கா, தேதியோட. ட்ரெயின், மூலை, தேங்கின இடம், உள்ள சீலிங்ல இருக்கிற கறை, கறையைச் சுத்தி பென்சில்ல கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க. எல்லாத்தையும் எழுத்துல ஓனருக்கு அனுப்புங்க, போன்ல மட்டும் பேசினா பின்னாடி நிக்காது. நீங்களா ஆள் வச்சு ரூஃபைத் தொடாதீங்க, வாரன்டி இருந்தா வெளியாள் கை வச்சதுமே அது போயிடலாம், வாரன்டி பேப்பர்ல யார் ரிப்பேர் பண்ணணும்னு என்ன போட்டிருக்குன்னு ஓனர்கிட்ட கேளுங்க. ட்ரெயின் மட்டுமாவது இலை எடுக்க ஒத்துக்குவாரான்னு கேட்டுப் பாருங்க, அது அரை நாள் வேலை, பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க. சாமான் எல்லாம் கறை இருக்கிற இடத்துக்குக் கீழ இருந்து இப்பவே நகர்த்திடுங்க.