திருகோணமலைக் கடலில் திமிங்கிலங்களுக்கு இடையூறு இல்லாமல் படகிலிருந்து அவற்றைப் பார்ப்பது எப்படி?

மே மாதத்தில் குடும்பத்துடன் திருகோணமலைக்குச் செல்லவிருப்பதாகவும், நீலத் திமிங்கிலத்தைப் பார்க்கும் ஆசை இருந்தாலும் அதைத் துரத்தும் கூட்டத்தில் சேர்ந்துவிட விருப்பமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மாதம் பொருத்தமானதே. தெற்கே மிரிஸ்ஸவிலும் மேற்கே கற்பிட்டியிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கிழக்குக் கரையின் முறை வருகிறது. கொட்டியாரக் குடாவிலிருந்தே ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று இறங்கிச் செல்வதால், ஆழ்நீரில் உலவும் இவ்விலங்குகள் இங்கே கரைக்கு அண்மையிலேயே தென்படுகின்றன.

நான் முதலில் போனது மிரிஸ்ஸவிற்கு. நீலத் திமிங்கிலம் ஒன்று மேலே வந்த கணத்தில், எங்களுடையது உட்பட ஆறேழு படகுகள் நாலா புறமிருந்தும் அதை நோக்கிப் பாய்ந்தன. இரண்டே மூச்சில் அது மூழ்கிவிட்டது. பத்து நிமிடமளவில் ஆழத்தில் இருந்துவிட்டு வரும் திமிங்கிலம், வழக்கமாகச் சில நிமிடங்கள் மேற்பரப்பில் தங்கிப் பலமுறை மூச்செடுத்த பின்னரே மறுபடி இறங்கும். அந்த மூச்சைத்தான் நாங்கள் பறித்தோம். ‘இன்னும் கிட்டப் போங்கள்’ என்று கத்தியவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே, பணம் கொடுக்கும் முன்பே படகோட்டியிடம், “அண்ணை, கிட்டப் போக வேண்டாம், காணாட்டியும் குறை சொல்ல மாட்டம்” என்று சொல்லிவிடுங்கள். பயணிகள் முகம் சுளிப்பார்கள், கையில் கொடுப்பது குறையும் என்ற அச்சத்தில்தான் பலர் துரத்துகிறார்கள். இலங்கையில் 2012இல் வந்த விதிகளின்படி 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது. முன்னால் குறுக்கிடாமல், பின்னாலிருந்து விரட்டாமல், பக்கவாட்டில் அது செல்லும் திசைக்கு இணையாக மெதுவாகச் செல்ல வேண்டும். அதுவாகவே படகை நோக்கி வந்தால் இயந்திரத்தை நியூட்ரலில் வைத்து நின்றுவிட வேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே நுழைவது எந்நிலையிலும் தவறு. திடீரெனத் திசை மாறினாலோ வாலால் நீரை அறைந்தாலோ விலகிவிடச் சொல்லுங்கள்.

டொல்பின்கள் தாமாகவே படகின் முன்னணியத்தில் வந்து விளையாடும். அப்போது வேகத்தையும் திசையையும் மாற்றாமல் சென்றால் போதும். துள்ளிச் சுழலும் இனம் இரவில் இரைதேடிப் பகலில் ஓய்வெடுப்பது என்பதால், துள்ள வைப்பதற்காகக் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவது அதன் உறக்கத்தைக் கெடுப்பதாகும்.

படகில் ஏறுமுன் ஒரு காலைப் பொழுதைக் கோணேசர் கோயில் அமைந்துள்ள சுவாமி மலையில் தொலைநோக்கியுடன் கழித்துப் பாருங்கள். நீலத் திமிங்கிலத்தின் மூச்சுத்தாரை ஒன்பது மீற்றர் வரை எழக்கூடியது. படகுக்கு அஞ்சிக் கோயிலிலேயே தங்கிவிட்ட என் தாயார், அங்கிருந்தபடியே நான்கு மூச்சுகளை எண்ணியிருந்தார். அன்று கடலுக்குச் சென்ற நாங்கள் கண்டது ஒன்றே.