சுவரை ஒட்டித்தான் ஸ்பீக்கர் வைக்க முடியும் என்றால்: கேள்வி பதில்

கேள்வி: ஹால் 10க்கு 12 அடி. ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடம்தான் இருக்கும். பின்பக்கம் போர்ட் (பெட்டிக்குள் காற்று போய்வரும் ஓட்டை) உள்ளதை வாங்காதே, முன்பக்கம் ஓட்டை உள்ளதை வாங்கு என்கிறார் கடைக்காரர். அது போதுமா சார்?

பதில்: போதாது. ஓட்டை எந்தப் பக்கம் என்பதைவிட, அந்த ஸ்பீக்கர் எவ்வளவு பாஸ் (கனமான, தாழ்ந்த ஒலி) தரும்படி செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு நீள அலைக்கு ஓரடி அகலப் பெட்டி ஒரு தடையே இல்லை. முன்னால் கிளம்பினாலும் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், சுவரில் பட்டுத் திரும்பி, நேர் ஒலியோடு சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் ஒரு சுவர் இருந்தாலே கீழ் பாஸ் 6 டெசிபல் வரை ஏறும். மூலையில் இன்னும் ஏறும். அதிலும் நம் வீடுகளின் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை எதுவும் பாஸை உறிஞ்சாது.

பின்பக்க போர்ட்டுக்குத் தேவை காற்று போய்வர இடம். அதன் விட்டம் 5 செ.மீ. என்றால் குறைந்தது அதே 5 செ.மீ., முடிந்தால் 10 செ.மீ. விடுங்கள். அதற்கும் குறைந்தால் காற்று சீறும், போர்ட்டின் டியூனிங்கும், அதாவது அது எந்த ஹெர்ட்ஸில் வேலை செய்யும் என்பதும், மாறும்.

உங்கள் ஹாலுக்கு முதல் தேர்வு போர்ட் இல்லாத மூடிய பெட்டி. அதன் பாஸ் ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபலாக மெதுவாக இறங்கும்; போர்ட் பெட்டியில் அது 24. மெதுவாக இறங்குவதைச் சுவர் தரும் ஏற்றம் நிரப்பிவிடும். அடுத்த தேர்வு, பாஸைக் குறைக்கும் சுவிட்ச் உள்ள ஆக்டிவ் ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருப்பது). யமஹா எச்எஸ்5-இல் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கலாம். ஜேபிஎல் 305பி மார்க் 2-இல் 50 ஹெர்ட்ஸில் 1.5 அல்லது 3 டெசிபல். இரண்டுக்கும் போர்ட் பின்னால்தான் இருக்கிறது, கவனியுங்கள். இந்த அளவு ஹாலில் பெரிய டவர் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஏற்கெனவே வாங்கியாயிற்று. பாஸ் குமுறுகிறது. மாற்றப் பணமில்லை.

பதில்: போர்ட்டுக்குள் சுருட்டிய சாக்ஸ் ஒன்றை இறுக்கமாகச் செருகிக் கேளுங்கள். உள்ளே விழுந்துவிடாதபடி நுனி வெளியே இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவு துணி. பாஸ் அதிகமாகவே மெலிந்துவிட்டால், நடுவில் துளையுள்ள ஃபோம் அடைப்பு சரியாக இருக்கும். அடைத்தபின் சத்தத்தை முன்போல உச்சத்துக்கு ஏற்றாதீர்கள். போர்ட் செய்துவந்த வேலையையும் சேர்த்து, பாஸ் தரும் பெரிய வட்டமான வூஃபரின் கோனே செய்யும், அதனால் கூடுதலாக அசையும்.

கேள்வி: குமுறலைத் தவிர்க்க ஸ்பீக்கரை முன்னால் இழுத்தேன். இப்போது ஆண் குரல்கள் சன்னமாகிவிட்டன. ஈக்யூவில் (ஒவ்வொரு ஹெர்ட்ஸையும் தனியாக ஏற்றி இறக்கும் வசதி) ஏற்றினாலும் வரவில்லை. ஏன்?

பதில்: வூஃபரின் முகத்திலிருந்து பின்சுவர் வரை செ.மீ.-இல் அளந்து, 8600-ஐ அந்த எண்ணால் வகுங்கள். வரும் ஹெர்ட்ஸில்தான் ஒலி மங்கிக் குழி விழும். 60 செ.மீ. என்றால் 143 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடித்தளமே அங்கேதான். சுவரில் பட்டுத் திரும்பும் அலை அரை அலைநீளம் பிந்தி வந்து நேர் அலையை அழிக்கிறது. ஈக்யூவில் ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், அழிவு அப்படியே இருக்கும். ஆம்ப்ளிஃபையர்தான் வீணாக உழைக்கும்.

சின்ன ஹாலில் சுவரை ஒட்டியும் இல்லாமல், வெகுவாகத் தள்ளியும் இல்லாமல் நடுவில் நிற்கும் தூரம்தான் மிக மோசம். திரும்பப் பின்னால் தள்ளுங்கள். 28 செ.மீ. ஆழப் பெட்டியும் 5 செ.மீ. இடைவெளியும் சேர்ந்து 33 ஆனால், குழி 260 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அந்த உயரத்தில் ஸ்பீக்கருக்குப் பின்னால் 4 அங்குல ராக்வுல் (ஒலி உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு போன்ற கனிமப் பஞ்சு) பலகை ஓரளவு உதவும். 143-இல் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஓரங்குல முட்டை அட்டை ஃபோம் இரண்டுக்குமே பயனில்லை. பின்னால் தள்ளியதும் குமுறல் திரும்ப வரும். அதை 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3, 4 டெசிபல் குறைத்துச் சரிசெய்யலாம். மேட்டை ஈக்யூ வெட்டும், குழியை நிரப்பாது. இன்னொன்று: பின்சுவர், பக்கச் சுவர், தரை மூன்றும் வூஃபரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க விடாதீர்கள். மூன்று குழியும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகும்.

கேள்வி: இடது ஸ்பீக்கர் மூலையில், வலது வாசல் பக்கம். இடது பக்கம் கனமாகக் கேட்கிறது. பேலன்ஸை வலப்பக்கம் திருப்பலாமா?

பதில்: வேண்டாம். பேலன்ஸ் குரலையும் சேர்த்து வலப்பக்கம் இழுத்துவிடும். உங்களுக்குக் கூடியிருப்பது பாஸ் மட்டும். மூலையிலிருந்து ஓரடி வெளியே நகர்த்த முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் இடது சேனலுக்கு மட்டும் பாஸைக் குறையுங்கள். மைக் வைத்து அளக்கும் ரிசீவர் என்றால் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனியாக அளந்து அதுவே செய்யும்.

கேள்வி: மூலைக்கென்றே செய்த ஸ்பீக்கர் உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் 1946-இல் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன், மூலையின் இரு சுவர்களையே ஹார்னின் (ஒலியைப் பெருக்கும் புனல் வடிவக் குழல்) நீட்சியாக ஆக்கிக்கொள்கிறது. ஆனால் பெரிய பெட்டி, இரண்டு நல்ல மூலைகள் காலியாக வேண்டும்.

கேள்வி: டிவி ஷோகேஸ் தட்டுக்குள் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு சமமாக இருக்கட்டும். உள்ளே தள்ளினால் தட்டே ஒரு குகையாகிக் குரல் அடைத்துக் கேட்கும். சுற்றியுள்ள இடைவெளியில் மடித்த போர்வையைத் திணியுங்கள். ஆக்டிவ் ஸ்பீக்கர் என்றால் பின்பக்கம் சூடாகும், அங்கே மூடாதீர்கள். அடியில் நாலு மூலைக்கும் ரப்பர் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் பலகை சேர்ந்து அதிரும். ட்வீட்டர் (கீச்சொலி தரும் சிறிய வட்டு), நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது காது இருக்கும் உயரத்தை நோக்கட்டும். தட்டு தாழ்வாக இருந்தால் ஸ்பீக்கரின் முன்பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள்.