அவரோட நாடு உங்ககிட்ட கடன் வாங்கல, தம்பி

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். நான் கத்தார்ல சைட் வேலை பாக்கறேன். ஒரே ரூம்ல இருந்த வேற நாட்டு ஆள் ஒருத்தர் என்கிட்ட 1,500 ரியால் கடன் வாங்கிட்டு சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிட்டார். அந்த நாட்டுக்காரங்களே இப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க ஜெர்மன் மேனேஜரைப் பாருங்க, ஒரு நிமிஷம் லேட் ஆகமாட்டார், ஒரு பொய் வராது, அவங்க ரத்தத்துலயே ஒழுங்கு இருக்கு. வேதத்துலயும் தீத்து 1:12ல கிரேத்தாதீவார் ஓயாப்பொய்யர்னு இருக்கே, பவுலே அது உண்மைன்னு சொல்றாரே, அப்ப ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குணம்னு நாம சொன்னா என்ன தப்பு? இப்ப அதே நாட்டுல இருந்து இன்னொருத்தர் எங்க ரூமுக்கு வர்றார், கேம்ப் பாஸ்கிட்ட சொல்லி மாத்திடலாமான்னு யோசிக்கிறேன்.

பதில்: தம்பி, உங்க லெட்டர்ல நாலு நாட்டுப் பேரைப் போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பட்டம் எழுதியிருந்தீங்க, அதையெல்லாம் எடுத்துட்டேன், அச்சுல ஏத்த மனசு வரல.

1,500 ரியால் போனது சின்ன விஷயம் இல்ல, வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசு, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய காசு. உங்க கோவம் எனக்குப் புரியுது. அந்த ஆள் உங்களை ஏமாத்திட்டார்னு தாராளமா சொல்லுங்க, பேரைச் சொல்லியே சொல்லுங்க, அது உண்மை. ஆனா கடன் வாங்கினது அவர், அவரோட நாடு உங்ககிட்ட கடன் வாங்கல.

இப்ப தீத்துக்கு வருவோம். கிரேத்தா தீவுல ஊழியம் பண்ண விட்டுட்டு வந்த தீத்துவுக்குப் பவுல் எழுதின கடிதம் அது. மூணே அதிகாரம், 46 வசனம், டீ ஆறுறதுக்குள்ள படிச்சு முடிச்சிடலாம். நீங்க அதுல ஒரே ஒரு வசனத்தைப் பிச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க. பவுல் அந்த வார்த்தையைத் தானா சொல்லல, கிரேத்தர்லயே ஒருத்தன் சொன்னதை எடுத்துச் சொல்றார், எப்பிமெனிதேஸ்னு ஒரு பழைய கவிஞன் சொன்னதுன்னு சபை மரபுல சொல்வாங்க. அந்தக் காலத்து கிரேக்க பாஷையில கிரேத்தன் மாதிரி நடக்கிறதுன்னாலே பொய் சொல்றதுன்னு அர்த்தமாம், அந்த அளவுக்கு அந்தத் தீவு மேல பேர் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. ஆனா பவுல் அங்க யாரைக் கடிஞ்சுக்கிறார்னு 10ம் வசனத்துல பாருங்க, சபைக்குள்ள புகுந்து குடும்பங்களைக் கவிழ்த்துக்கிட்டு இருந்த வீண்பேச்சுக்காரங்களை, அதுலயும் "விசேஷமாய் விருத்தசேதனமுள்ளவர்கள்"னு எழுதறார், அதாவது யூதரை, தன்னோட சொந்த ஜனத்தையே முதல்ல நிறுத்துறார். கடிஞ்சுக்கச் சொல்றதும் எதுக்கு? அவங்க விசுவாசத்துல ஆரோக்கியமா இருக்கணும்னு, ஒதுக்கித் தள்ள இல்ல.

அதுக்கு முன்னாடி 5ம் வசனம் இருக்கே, அதை எப்படித் தாண்டினீங்க? பட்டணங்கள்தோறும் மூப்பரை ஏற்படுத்துன்னு தீத்துவை அங்க விட்டுட்டு வந்திருக்கார். அந்த மூப்பர் எப்படி இருக்கணும்? குற்றஞ்சாட்டப்படாதவன், இழிவான ஆதாயத்தை இச்சிக்காதவன், நீதிமான். இந்த ஆளுங்களை தீத்து எங்க போய்த் தேடுவார்? கப்பல்ல ஏத்தி எருசலேம்ல இருந்தா கொண்டு வருவார்? அதே கிரேத்தா பட்டணங்கள்லதான் தேடணும். ஓயாப்பொய்யர்னு பேர் வாங்கின ஊர்ல போய் ஒவ்வொரு தெருவா உண்மையான மனுஷனைத் தேடுன்னு சொல்ற கடிதம் தம்பி இது, நீங்க அதைத் தேடவே வேண்டாம்னு சொல்றதுக்கு எடுத்துக்கிட்டு வர்றீங்க. மூணாவது அதிகாரத்துல "முற்காலத்திலே நாமும் புத்தியீனரும்"னு தன்னையும் அதே வரிசையில சேத்துக்கிறார், அதுக்கு முந்தின வசனத்துல ஒருத்தனையும் தூஷிக்காதேன்னு வேற இருக்கு.

ஜெர்மன்காரர் ரத்தத்துலயே ஒழுங்குன்னு எழுதினீங்க. உங்க மேனேஜர் நல்லவரா இருந்தா அது அவர் குணம், மனசாரப் பாராட்டுங்க. ஆனா அந்த ரத்தக் கதையை விட்டுடுங்க, ஏன்னு அதே கிரேத்தா தீவை, இப்ப கிரீட்னு சொல்ற கிரேக்கத் தீவை வச்சே சொல்றேன். ரெண்டாம் உலகப் போர்ல, 1941 மே 20ம் தேதி ஜெர்மன் பட்டாளம் பாராசூட்ல கிரேத்தாவுல இறங்குச்சு. தீவோட மேற்குப் பக்கத்துல காண்டனோஸ்னு ஒரு கிராமம், அந்த ஜனங்க கையில கிடைச்ச பழைய துப்பாக்கியை வச்சு எதிர்த்து நின்னாங்க. ஜூன் 3ம் தேதி ஜெர்மன் சிப்பாய்ங்க வந்து கிட்டத்தட்ட 180 பேரைக் கொன்னு, வீடுகளை எரிச்சு, ஆடு மாடுகளையும் விடாம கொன்னு, அதுக்கப்புறம் ஜெர்மன் பாஷையிலும் கிரேக்க பாஷையிலும் போர்டு எழுதி வச்சாங்க, 25 ஜெர்மன் சிப்பாய்களைக் கொன்னதுக்குப் பதிலா அழிக்கப்பட்ட காண்டனோஸ் இங்க இருந்துச்சுன்னு. யோசிச்சுப் பாருங்க, ஒரு ஊரை எரிச்சுட்டு அதுக்கு எண்ணிக்கையோட, ரெண்டு பாஷையில போர்டு! ஒழுங்குக்கு என்ன குறைச்சல்? அதே தீவுல பிரெவெலின்னு ஒரு மடம், அங்க இருந்த துறவிகளும் அக்கம்பக்கத்து கிராமத்து ஜனங்களும், தீவை விட்டுத் தப்பிக்க வந்த கப்பலைத் தவற விட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சிப்பாய்களை ஒளிச்சு வச்சு, சோறு போட்டு, நீர்மூழ்கிக் கப்பல் வர்ற வரைக்கும் காப்பாத்தினாங்க. பிடிபட்டா உசுரு போகும்னு தெரிஞ்சுதான் செஞ்சாங்க. அதே தீத்து வசனத்துல பெருவயிற்றுச் சோம்பேறிகள்னு பேர் வாங்கின ஜனம் தன் ரொட்டியைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கு.

அப்ப ஜெர்மன்காரங்க எல்லாரும் கொடூரக்காரங்கன்னு நான் சொன்னா அதுவும் உங்க தப்பேதான், வேற பக்கத்துல இருந்து. லோத்தர் கிரைசிக்னு ஒரு ஜெர்மன் நீதிபதி இருந்தார், விசுவாசி. மனநலம் குன்றினவங்களை அரசாங்கமே ரகசியமா கொல்லுதுன்னு தெரிஞ்சதும் 1940ல நீதி மந்திரிக்கே எதிர்ப்பு எழுதினார், ஹிட்லரோட ஆள் மேல கொலைப் புகார் கொடுத்தார். ஃபியூரரோட, அதாவது ஹிட்லரோட விருப்பமே சட்டம்னு ஒத்துக்க முடியலைன்னா நீதிபதியா இருக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க, வேலையை விட்டுட்டார். சட்டம், ஃபைல், கையெழுத்துன்னு அதே ஜெர்மன் ஒழுங்குல வளந்த மனுஷன்தான் அவரும். இவர்தான் 1958ல ஜெர்மன் சபைகளோட மாநாட்டுல, நாம நாசம் பண்ணின நாடுகளுக்குப் போய் நம்ம கையால ஏதாவது நல்லது செய்ய அனுமதி கேட்போம்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சார். அதுல சேந்த இளைஞருங்க 1960கள்ல காண்டனோஸுக்குப் போய் அந்த ஊருக்குக் குடிதண்ணி வசதி கட்டிக் கொடுத்தாங்க. அந்த ஊர் ஜனங்க இருபது வருஷம் முன்னாடி ஜெர்மன் பாஷையில எழுதின போர்டைப் பாத்தவங்க, இப்ப அதே பாஷை பேசற பசங்க பள்ளம் தோண்ட வந்து நிக்கறாங்க. அவங்களை ஊருக்குள்ள விட்டாங்களே, அதை நினைச்சா எனக்குத் தொண்டை அடைக்குது. எல்லா ஜெர்மன்காரனும் இப்படித்தான்னு சொல்ல உங்களைவிட ஆயிரம் மடங்கு காரணம் அவங்ககிட்ட இருந்துச்சு.

இதை நான் சுத்தமான கையோட எழுதல தம்பி. பல வருஷம் முன்னாடி எங்க சபைக்கு ஒரு நைஜீரிய மாணவன் ஆராதனைக்கு வந்தான், இடம் தேடி என் பெஞ்ச்லயே வந்து உக்காந்தான். அந்த நேரத்துல அந்த நாட்டு ஆளுங்களைப் பத்தி பேப்பர்ல மோசடி மோசடின்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. அவன் உக்காந்த உடனே என் கை தானா சட்டைப் பைக்குப் போய் பர்ஸைத் தொட்டுப் பாத்துச்சு. அவன் அதைப் பாத்துட்டான். ஒண்ணும் சொல்லல, ஒரு சாண் தள்ளி உக்காந்தான், எனக்கு சிரமம் வேண்டாம்னு. காணிக்கைப் பை வந்தப்ப நாலா மடிச்ச நோட்டு ஒண்ணைப் போட்டுட்டு ரெண்டு கையாலயும் பையை என்கிட்ட நீட்டினான். அடுத்த வாரம் அவன் வரல, அதுக்கப்புறமும் வரல. அவன் பேர் என்னன்னு நான் கேக்கவே இல்ல, இன்னிக்கு வரைக்கும் ஜெபத்துல அவனைச் சொல்ல எனக்குப் பேர் இல்ல.

நாத்தான்வேல் நாசரேத்துல இருந்து நன்மை வருமான்னு கேட்டப்ப பிலிப்பு வாக்குவாதம் பண்ணல, "வந்து பார்"னு மட்டும் சொன்னான். ஊர்ப் பேரை வச்சு இயேசுவையே எடை போட்டவன்கிட்ட ஆண்டவர் இஸ்ரவேலர் இப்படித்தான்னு திருப்பிச் சொல்லல, அவனை, அவனை மட்டும் பாத்து கபடற்றவன்னு சொன்னார்.

அதனால கேம்ப் பாஸ்கிட்ட போக வேண்டாம். புது ஆள் வர்ற அன்னிக்கு நீங்களே ரூம்ல இருங்க, லாக்கர் எது, தண்ணி எப்ப வரும், வெள்ளிக்கிழமை யார் சமைக்கிறதுன்னு காட்டுங்க. நாளைக்கு அவர் கடன் கேட்டா கொடுக்கறதா வேண்டாமான்னு அவர் நடந்துக்கிற விதத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க, கொடுக்கலைன்னாலும் தப்பில்ல. ஒரு மாசம் கழிச்சு எனக்கு எழுதுங்க, அவர் எந்த நாடுன்னு வேண்டாம், பேர் என்னன்னு எழுதுங்க.