ஜெனீவாவ விடுங்க, அந்தப் பத்து நாள் இரிக்கா எண்டு பாருங்க

செங்கலடிப் பக்கத்தில இருந்து ஒரு தங்கச்சி நீளமா எழுதியிரிக்கா. தம்பி ஆட்டோ ஓடுறவராம், பொலிஸ்ல வச்சு அடிச்சதில மணிக்கட்டு முறிஞ்சிட்டு, இருபதாம் நாள் மட்டக்களப்பு மனித உரிமை ஆணைக்குழு ஒபீஸ்ல முறைப்பாடு குடுத்திரிக்காங்க, பதினாலு மாசமா ஒண்டும் நடக்கல்ல, இப்ப மற்றப் பக்கம் ஆள் விட்டு மூணு லட்சம் தாறம் எண்டு கேக்கிறாங்க. "இந்த நாட்டுக் கோர்ட்ல நம்பிக்கை இல்ல, நேரா ஜெனீவாவுக்குப் போடலாமா?" இதுதான் கேள்வி.

ஓஐசி (பொலிஸ் பொறுப்பதிகாரி) என்ன பேசினார், ஜிஎஸ் (கிராம சேவகர்) ஏன் கடிதம் தரல்ல, சொந்தத்துக்குள்ள ஆரு காட்டிக்குடுத்த எண்டெல்லாம் வாசிச்சன் தங்கச்சி. கவலைதான், ஆனா கேஸுக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல. நீங்க எழுதினதுல எனக்குத் தேவைப்பட்டது "இருபதாம் நாள்" எண்ட ஒரு சொல்லுத்தான்.

அடிப்படை உரிமை வழக்குக்கு அரசியலமைப்பின்ட 126ல உயர் நீதிமன்றம் போக ஒரு மாசம் எண்டது உங்களுக்குத் தெரியும். 1996ம் ஆண்டு 21ம் இலக்க ஆணைக்குழுச் சட்டத்தில 13ம் பிரிவு என்ன சொல்லுதெண்டா, அந்த மாசத்துக்குள்ள அங்க முறைப்பாடு குடுத்தா, விசாரணை நிலுவையில கிடக்கிற காலம் கணக்கில வராது. அப்ப உங்கட கையில பத்து நாள் இன்னும் இரிக்கலாம்.

இரிக்கலாம் எண்டுதான் சொல்றன். நம்மட ஆக்கள் விழுற கிடங்கு இங்கதான். முறைப்பாட்டு நம்பர் போட்ட துண்ட பத்திரமா பைல்ல வச்சிட்டு, கேஸ் ஓடுது எண்டு நிம்மதியா இருப்பாங்க, ஆனா துண்டு காட்டினா மட்டும் போதாது, உண்மையிலேயே விசாரணை நடக்குது எண்டதுக்கு ஆதாரம் எங்க எண்டு உயர் நீதிமன்றம் எத்தினையோ கேஸ்ல கேட்டிரிக்கு. இன்னும் சிலர் விசாரணைக்குக் கூப்பிட்ட நாள்ல வயல் வேலை எண்டு போகமாட்டாங்க, பைல மூடிருவாங்க, மூடின கடிதம் பழைய அட்ரஸுக்குப் போய்க் கிடக்கும், மிச்ச நாள் ஓடத் தொடங்கினதே இவங்களுக்குத் தெரியாது, ஆறு மாசம் கழிச்சு என்ட மேசைக்கு வருவாங்க. அந்த நேரத்தில என்னாலயும் ஒண்டும் செய்யேலா. அதால நாளைக்கே ஒபீஸுக்குப் போய் விசாரணை நிலுவையில இரிக்கு எண்டு ஒரு கடிதம் எழுத்தில எடுங்க, வாயால சொன்னா வேண்டாம்.

இப்ப ஜெனீவா. அங்க ஐநா மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் முறைப்பாடு குடுக்கிற நெறிமுறைய இலங்கை 1997ல ஒப்புக்கொண்டதுதான், ஆனா அதின்ட 5(2)(b) உள்நாட்டு வழியெல்லாம் முடிச்சிட்டு வா எண்டுது. அடிப்படை உரிமை வழக்கே போடாம போனா அரசாங்கத்தின்ட பதில்ல முதல் பந்தியே அதுதான், உங்கட பைல் அதோட முடிஞ்சுது. நம்பிக்கை இல்ல எண்ட காரணத்த மனித உரிமைக் குழு எடுக்காது, அளவுக்கு மிஞ்சி இழுபடுது எண்ட விதிவிலக்கும் வழக்குப் போட்டு இழுபடுறவங்களுக்குத்தான். மார்ச்சில ஜெனீவாவில நடக்கிற மனித உரிமைப் பேரவைக் கூட்டத்துக்குப் போறவர்ட கையில பைல் குடுத்து விடுறது வேற விஷயம், அது முறைப்பாடே இல்ல. சித்திரவதையப் பாக்கிற ஐநா விசேட அறிக்கையாளருக்கு இப்பவே எழுதலாம், அதுக்கு இந்த நிபந்தனை இல்ல, அவர் அரசாங்கத்துக்கிட்டக் கேள்வி கேப்பார், தீர்ப்புத் தரமாட்டார்.

வெண்டாலும் பாருங்க. சிங்கராசா எண்ட கைதி மட்டக்களப்பில பிடிபட்டவர், 2004ல ஜெனீவாவில வெண்டார், 2006ல நம்மட உயர் நீதிமன்றம் அந்த முடிவு இங்க செல்லாது எண்டுட்டு.

அதால மூணு லட்சத்துக்கு வாறன். என்னைக் கேட்டா வாங்குங்க. ஆட்டோ ஓடுற கை முறிஞ்சவருக்கு இன்னும் அஞ்சு வருஷம் கொழும்பு புதுக்கடைக் கோர்ட்டுக்கு பஸ் ஏற ஏலுமா எண்டு தம்பியையே கேளுங்க, உங்கட கோபத்தைக் கேக்காதீங்க. ஆனா ஸ்டேஷன்ல வச்சு "எனக்கு இனி முறைப்பாடு இல்ல" எண்டு ஒரு எழுத்தும் குடுக்கப்படாது, காசு வர முந்தியே அந்தக் கடுதாசி எல்லா வழியையும் அடைச்சிரும். ஆணைக்குழுவுக்கு முன்னால பதிஞ்சு, காசு கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்து. சித்திரவதைச் சட்டத்தில வழக்குப் போடுறது சட்டமா அதிபர்ட வேலை, அதையும் நிப்பாட்டித் தாறம் எண்டு ஆருக்கும் வாக்குக் குடுக்காதீங்க. இணங்கினா ஜெனீவாக் கதையும் அதோட சரி, தெரிஞ்சே செய்யுங்க.

இணங்க மனமில்லயெண்டா மாவட்ட நீதிமன்றத்தில நட்டஈட்டு வழக்கு இன்னும் இரிக்கு, அடிச்ச நாள்ல இருந்து ரெண்டு வருஷம். அதுக்கு முதல் குடியியல் நடைமுறைச் சட்டக் கோவையின்ட 461ல ஒரு மாச நோட்டீஸ் அனுப்பவேணும், அதையும் கழிச்சா உங்களுக்கு மிச்சம் எட்டு மாசம் சொச்சம்தான். ஆஸ்பத்திரி டிக்கட்டும் ஜேஎம்ஓ (சட்ட வைத்திய அதிகாரி) ரிப்போர்ட்டும் எடுத்துட்டு ஒரு லோயர்ட்டப் போங்க, காசு இல்லாட்டி மட்டக்களப்பில சட்ட உதவி ஆணைக்குழு இரிக்கு.