அர்ஷில் கார்க்கியும் அம்மாவின் ஏப்ரனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டொரண்டோவில் இருக்கிறேன். வேலை முடிந்த நேரங்களில் ஓவியம் வரைகிறேன். அம்மம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படத்தை வைத்து ஒரு தொடர் கீறிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒரு கேலரியில் காட்டினேன். "உங்கள் பாரம்பரியம் தெரியவில்லையே, சேலைக்கரை, பனைமரம் ஏதாவது வரட்டும்" என்றார்கள். அடையாளம், பாரம்பரியம், மீண்டெழுதல் பற்றிக் குறிப்பும் எழுதித் தர வேண்டுமாம். அண்மையில் வாஷிங்டனில் அமெரிக்க ஓவியர் அர்ஷில் கார்க்கியின் 'ஓவியனும் அவன் தாயும்' பார்த்தேன். தாயின் கைகள் வெறும் பூச்சாக நிற்கின்றன. முடிக்காத படமா? ஆர்மீனியன் என்பதையே மறைத்த ஒருவரைப் போய் அடையாளத்தின் ஓவியர் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அவர் பொய் சொன்னது உண்மைதான். அதுவும் கொஞ்சநஞ்சப் பொய் இல்லை. இயற்பெயர் வோஸ்டானிக் அடோயான். பிறந்தது இன்றைய துருக்கியின் வான் ஏரிக் கரையில் உள்ள கோர்கோம் கிராமம். அமெரிக்கா வந்தபின் பெயரை மாற்றிக்கொண்டு, மாக்சிம் கார்க்கிக்குச் சொந்தக்காரன் என்று சொல்லித் திரிந்தார். மாக்சிம் கார்க்கி என்பதே புனைபெயர், அந்தப் பெயரில் சொந்தக்காரர்கள் இருக்க வழியில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை போலிருக்கிறது. அன்றைய அமெரிக்காவில் ஆர்மீனியர் என்றாலே பட்டினி அகதிகள், அவர்களுக்காக நன்கொடை உண்டியல் என்றுதான் நினைப்பு. பரிதாபத்துக்குரியவனாக அறிமுகமாக அவர் விரும்பவில்லை. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

நீங்கள் பார்த்த படத்துக்கு மூலம் 1912இல் வான் நகரத்தில் எடுத்த ஒரு புகைப்படம். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன தந்தைக்கு அனுப்ப எடுத்தது. அம்மா ஷூஷான் தலையில் துணி கட்டி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கோட்டு போட்ட சிறுவன், கையில் பூக்கள். 1915இல் துருக்கிய ஒட்டோமான் அரசு நடத்திய ஆர்மீனிய இனப்படுகொலை. ஊரைவிட்டு நடந்தே, இன்றைய ஆர்மீனியத் தலைநகரான யெரெவான் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். 1919இல் அங்கே அம்மா பட்டினியால் இறந்தார். அடுத்த வருடம் மகன் தங்கையோடு அமெரிக்கா போய் இறங்கினார். புகைப்படம் அவருக்கு முன்பே கடல் கடந்திருந்தது.

அதை வைத்து இரண்டு ஓவியங்கள். இரண்டையும் 1926 வாக்கில் தொடங்கினார். நியூயார்க் விட்னி மியூசியத்தில் இருப்பதை 1936 வரையிலும், நீங்கள் பார்த்த வாஷிங்டன் படத்தை 1942 வரையிலும் தொட்டுத் தொட்டு வேலை செய்திருக்கிறார். வண்ணம் பூசி மாதக்கணக்கில் காயவிடுவார். பிறகு கேன்வாஸைக் குளியல் தொட்டிக்குக் கொண்டுபோய் சவர பிளேடால் மேல்பரப்பைச் சுரண்டுவார். தந்தம் மாதிரி வழவழப்பாகும்வரை சுரண்டித் தண்ணீரில் கழுவுவாராம். கூட இருந்து பார்த்த நண்பர் ஒருவர் சொன்னது. பிறகு மறுபடி பூச்சு. இத்தனை வருடம் ஒரு படத்தோடு மல்லுக்கட்டியவர் கைகளை மறந்துபோய் விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. விட்னி படத்திலும் கைகள் அப்படித்தான் இருக்கின்றன. கைக்கு வரும்போதெல்லாம் அவர் நிறுத்தியிருக்கிறார்.

உங்கள் கேலரிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியது வேறொன்று. புகைப்படத்தில் அம்மாவின் ஏப்ரன் (உடைக்கு மேல் கட்டும் முன்துணி) முழுக்கப் பூவேலைப்பாடு. அந்தப் பூ ஒன்றுகூட ஓவியத்தில் இல்லை. ஆர்மீனியப் பாரம்பரியம் என்று சுட்டிக்காட்டத் தோதாக இருந்த ஒரே பொருளைத்தான் அவர் எடுத்துவிட்டார். மிஞ்சுவது ஒரு முகம், அந்தக் கண்கள், துணியின் பெரிய வெற்றுப் பரப்பு. பூக்களை வைத்திருந்தால் பார்க்கிறவர்கள் பூக்களைப் பார்த்து 'அழகான பாரம்பரியம்' என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள். சேலைக்கரை, பனைமரம் விஷயத்தில் என் பதிலும் இதுதான்.

ஆனால் அந்தப் பூக்கள் தொலைந்துபோகவில்லை. 1944இல் ஒரு அரூப ஓவியத்துக்கு, அம்மாவின் பூவேலை செய்த ஏப்ரன் என் வாழ்க்கையில் எப்படி விரிகிறது என்ற பொருளில் பெயர் வைத்தார். சியாட்டில் மியூசியத்தில் இருக்கிறது. அதில் ஏப்ரனும் இல்லை, அம்மாவும் இல்லை. 'சோச்சியில் தோட்டம்' என்ற தொடரிலும் இதே விளையாட்டு. பெயரில் ரஷ்ய ஊர். அதைப் பற்றி அவரே எழுதிக்கொடுத்த குறிப்பிலோ அப்பாவின் தோட்டம், இலையுதிர்ந்த ஒரு புனித மரம், வருகிறவர்கள் தங்கள் உடையிலிருந்து துணியைக் கிழித்து அதில் கட்டிவிட்டுப் போவது. (நம் கோயில் மரங்களில் துணி முடிந்து வேண்டிக்கொள்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.) ஊர்ப்பெயரைத்தான் மாற்றினார், மரத்தை மாற்றவில்லை.

நீங்கள் எழுதித் தரவேண்டிய குறிப்புக்கு வருகிறேன். கார்க்கி இறந்த பிறகு அவருடைய தங்கை மகன் சில கடிதங்களை வெளியிட்டார். ஆர்மீனியா, அதன் கலை, அதன் ஆன்மா என்று உருகி உருகி எழுதிய கடிதங்கள். விமர்சகர்கள் வருடக்கணக்கில் அவற்றை மேற்கோள் காட்டினார்கள். அவற்றில் பலவற்றுக்கு மூலமே இல்லை, புனைந்தவை என்று பின்னால் வந்த வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் காட்டினார்கள். ஓவியர் தராத வாக்குமூலத்தை மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அப்படி ஒன்று எல்லோருக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

மீண்டெழுதல் என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கார்க்கி மீண்டெழவில்லை. 1946இல் ஸ்டூடியோ எரிந்தது, புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. 1948 ஜூனில் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தது. ஜூலையில் தன் உயிரை முடித்துக்கொண்டார். இதனால் ஓவியங்களின் மதிப்பு ஒரு துளி குறையவில்லை. அகதியாக வந்தவன் ஜெயித்துக் காட்டவேண்டும் என்பது வரவேற்கிற நாட்டின் வசதிக்கான எதிர்பார்ப்பு. அதற்குப் படம் வரைந்து கொடுப்பது உங்கள் வேலையில்லை.

குறிப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் தகவலாகக் கொடுங்கள். அம்மம்மா எந்த வருடம், எந்த ஸ்டூடியோவில், யாருக்கு அனுப்புவதற்காக அந்தப் படத்தை எடுத்துக்கொண்டார், அது எந்த வழியாக டொரண்டோ வந்தது. நாலு வரி போதும். நியூயார்க் போகும்போது விட்னியில் அந்தப் படம் காட்சியில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். இரண்டையும் பார்த்தபின் மறுபடி எழுதுங்கள். கைகளைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்.