கார் மாறுகிறது, கட்டுமானம் ஏன் மாறவில்லை?

கேள்வி: காரும் செல்போனும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. வீடு கட்டுவதில் மட்டும் ஏன் புதுமை இல்லை? துணிந்து ஏஏசி பிளாக்கில் (காற்றுக்குமிழ்கள் நிறைந்த இலகு கான்கிரீட் கல்) கட்டினோம். ஓராண்டுக்குள் பில்லர் ஓரமெல்லாம் நூல் விரிசல். செங்கலே மேலா?
– வாசகி, மதுரை

பதில்: பிளாக்கைக் குறை சொல்லாதீர்கள். கட்டிய விதத்தைப் பாருங்கள். மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் உலக அளவில் தொழிலாளர் உற்பத்தித்திறன் தொழிற்சாலைகளில் ஆண்டுக்கு 3.6 சதவீதம் வளர்ந்தது. கட்டுமானத்தில் 1 சதவீதம்தான். கார்த் தொழிற்சாலையில் பிழை தெரிந்தால் அடுத்த வண்டியிலேயே திருத்திவிடலாம். வீட்டில் மனைக்கு மனை மண் வேறு, வரைபடம் வேறு, ஆட்களும் வேறு. ஒரு வேலையில் கற்றது அடுத்த வேலைக்குப் போய்ச் சேர்வதில்லை. பொருள் புதிதாக வந்தாலும் கைப்பழக்கம் பழையதாகவே இருக்கிறது.

ஏஏசி பிளாக் கன மீட்டருக்கு சுமார் 600 கிலோ. செங்கல் சுமார் 1,800. சுமை குறைவது பெரிய லாபம். ஆனால் செங்கலைப்போல் ஊறவைத்துக் கட்டினால், காயும்போது பிளாக் சுருங்கி விரிசல் விடும். மேற்பரப்பை லேசாக நனைத்தால் போதும். தடிமனான சிமென்ட் கலவைக்குப் பதில் பிளாக் பசையை 3 மி.மீ. கனத்தில் தடவ வேண்டும். இரண்டு மூன்று வரிசைக்கு ஒரு முறை பில்லரோடு கம்பியால் பிணைக்க வேண்டும். மேலே பீமை முட்டக் கட்டாமல் சிறு இடைவெளி விட்டுக் கடைசியில் அடைக்க வேண்டும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பூச்சு. பில்லரும் சுவரும் சேரும் இடத்தில் இருபக்கமும் 15 செ.மீ. படும்படி கோழிவலை அடித்து, 1:6 கலவை (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்) பூசுங்கள். "சிமென்ட் கூட்டினால் உறுதி" என்று மேஸ்திரி 1:3 போட்டால் அந்தப் பூச்சே அதிகம் சுருங்கும்.

இப்போதைக்கு, விரிசலை ஒட்டிய பூச்சைப் பட்டையாக வெட்டி எடுத்து, வலை அடித்து, பாலிமர் கலந்த கலவையால் பூசுங்கள். விரிசல் சாய்வாக ஓடினாலோ, அகலமாகிக்கொண்டே போனாலோ பொறியாளரிடம் காட்டாமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் தொழிற்சாலையிலேயே செய்த ப்ரீகாஸ்ட் வீடு நமக்கு ஆகுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தனி வீட்டுக்குக் கட்டுப்படியாவது கடினம். சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை இம்முறையில் கட்டி 2022-ல் திறந்தார்கள். அத்தனை வீட்டுக்கும் ஒரே அச்சு திரும்பத் திரும்பப் பயன்படும். ஒற்றை வீட்டில் அச்சுச் செலவு முழுதும் உங்கள் தலையில்தான் விழும். கிரேன் நுழையத் தெருவில் இடமும் வேண்டும். அடுக்குமாடியில் வாங்குவதானால், கான்கிரீட் பலகைகள் சேரும் இணைப்புகளில் மழைநீர் கசிகிறதா என்று வெளிச்சுவரைப் பாருங்கள்.