ஒன்பதாயிரமும் ‘இதர’ செலவும்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் அயனாவரத்தில் இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், மாமியார், ஏழாவதும் நாலாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள். ஒரு சம்பளம்தான். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், வண்டி டியூ எல்லாம் போக வீட்டுச் சாமானுக்கு ஒன்பதாயிரம் ஒதுக்குகிறேன். ஒரு மாதமும் அதில் நின்றதில்லை. போன மாதம் எழுதியே பார்த்துவிட்டேன். மளிகை 5,200, பால் 1,900, காய்கறி 2,200, இதர 4,100. மொத்தம் 13,400.

கோயம்பேட்டில் வாங்கினால் எல்லாம் பாதி விலை என்கிறார் வீட்டுக்காரர். ரேஷன் அரிசி வாசனை வருகிறது என்று மாமியார் வாங்க விடுவதில்லை, அரிசி கார்டு சும்மா கிடக்கிறது. பக்கத்து அண்ணாச்சியோ நோட்டு போட்டுக் கடனுக்கு வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? மளிகை லிஸ்டில் எதை வெட்டுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

லிஸ்டில் எதையும் வெட்டாதீர்கள். உங்கள் கணக்கையே இன்னொரு தடவை கூட்டிப் பாருங்கள். மளிகை, பால், காய்கறி மூன்றும் சேர்ந்து 9,300. ஐந்து பேருக்கு மூன்று வேளை சமைத்துப் போடுகிற வேலையை நீங்கள் ஒதுக்கிய பணத்திலேயே கிட்டத்தட்ட முடித்துவிடுகிறீர்கள். சென்னையில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. உதைப்பது அந்த நாலாவது வரி. அதை மட்டும் பிரித்து எழுதச் சொல்லிக் கேட்டேன், அனுப்பினீர்கள்: மாவு பாக்கெட் 1,150, டெலிவரி ஆப்பில் வாங்கியது 1,700, பேக்கரி, நொறுக்குத்தீனி 900, மீதி 350 ஞாபகம் இல்லை.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஒன்றிய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், நகரத்துக் குடும்பங்களின் மொத்தச் செலவில் சுமார் 11 சதவீதம் பானங்கள், நொறுக்குத்தீனி, தயார் உணவு என்ற ஒரே தலைப்பில் போயிருக்கிறது. சாப்பாட்டுச் செலவுகளிலேயே பெரியது அதுதான். தானியத்துக்குப் போனது அதில் பாதிகூட இல்லை. நாமோ அரிசியில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறையுமா என்று நாலு கடை ஏறி இறங்குகிறோம்.

முதலில் மாவு. கிரைண்டர் இருக்கிறது, ஆனால் பரணில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் திட்டத்தில் வந்ததா என்று தெரியாது. அப்படி வந்தவற்றில் பாதி இந்த ஊரில் பரணில்தான் இருக்கின்றன! அதை இறக்குங்கள். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இரண்டே முக்கால் கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். அரிசிக்குத்தான் உங்கள் கார்டு இருக்கிறதே.

மாமியார் சொல்வது பொய் இல்லை, சில மாதம் அரிசியில் வாசனை இருக்கும். சாதமாக வடித்தால் தெரியும். நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவி ஊறவைத்து, உளுந்தோடு அரைத்துப் புளிக்கவிட்டால் தெரியாது. ரேஷன் புழுங்கலரிசியில் இட்லி சுட்டு, “எந்தக் கடை மாவு?” என்று கேட்க வைத்த வீடுகள் இங்கே ஏராளம். அதனால் அவரிடம் சாதத்துக்கு என்று கேட்காதீர்கள், இட்லிக்கு என்று கேளுங்கள். முடிந்தால் ரேஷன் கடைக்கு அவரையே அனுப்பிவையுங்கள். கார்டில் பேர் உள்ள யார் போய்க் கைரேகை வைத்தாலும் தருவார்கள். அரிசியைத் தேர்ந்தெடுத்தவர் அவர் என்றாகிவிட்டால் வாசனையும் குறைந்துவிடும்.

அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம், உங்கள் அட்டைக்கு உரிய அளவு வரை. அந்த அளவுக்குள்ளேயே கொஞ்சம் கோதுமையாகவும் கேட்டு வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளலாம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. பருப்பு ஒரு கிலோதான் என்றாலும் வெளியில் அந்த விலைக்குக் கால் கிலோ வருமா என்று பாருங்கள். வாங்காமல் விட்ட மாதத்துச் சாமானை அடுத்த மாதம் சேர்த்துத் தரமாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

சாதத்துக்கு வெளி அரிசியே இருக்கட்டும். ஆனால் ஐந்து கிலோ பையாக வாங்காதீர்கள். கடையில் 26 கிலோ மூட்டை பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு கிலோ ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதைத் தாண்டினால் வரி இல்லை. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூடப் போட்டுத் தைத்துவிட்டார்கள். மூட்டை அரிசியை வண்டு பிடிக்காமல் காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு வைத்தால் போதும்.

ஆப்புக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பில் ஒன்றைப் பார்த்தேன். ராத்திரி எட்டரை மணி. தயிர் 35, கொத்தமல்லி 18. வேண்டியது அவ்வளவுதான், 53 ரூபாய். டெலிவரி இலவசமாக வேண்டும் என்பதற்காகச் சிப்ஸ், கிரீம் பிஸ்கட், ஒரு குளிர்பானம், கடைசியில் 214. கொத்தமல்லியைக் காய்க்காரம்மாவிடம் வாங்கியிருந்தால் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டிருப்பார். ஆப்பை அழித்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன், மழை நாளில் அது உதவிதான். ஆனால் இடைச் செலவு எதுவும் ஃபோனிலிருந்து போகக் கூடாது. சனிக்கிழமைதோறும் 400 ரூபாய் ரொக்கமாக எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். பேக்கரி, தயிர், பிள்ளைகள் கேட்கிற முறுக்கு எல்லாம் அதிலிருந்துதான். நம் அம்மாக்கள் கடுகு டப்பாவில் காசு வைத்தார்களே, அதே ஏற்பாடு, என்ன, அவர்கள் ஒளித்து வைத்தார்கள், நீங்கள் பிள்ளைகள் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். புதன்கிழமை டப்பா காலி என்றால் அவர்களுக்கே தெரியட்டும். ஏழாவது படிக்கிற பிள்ளைக்குக் கணக்கு வரும்.

மளிகையில் ஒன்றே ஒன்று பார்க்கச் சொல்வேன், எண்ணெய். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே உயரத்தில் நிற்கிற பாக்கெட்டுகளில் ஒன்றில் 910 கிராம், இன்னொன்றில் 850, வேறொன்றில் 800 என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பத்து ரூபாய் குறைவு என்று எடுப்பது பல சமயம் அளவில் குறைந்ததாக இருக்கும். பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு இவ்வளவு என்றும் அச்சிட்டிருப்பார்கள், அதைத்தான் ஒப்பிட வேண்டும். பருப்பு, சர்ஃப், டீத்தூள் எல்லாவற்றுக்கும் இதுவே.

காய்கறியில் 2,200 நியாயமான செலவு. தக்காளி ஏறுகிற வாரத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். 2023 ஜூலையில் வெளியில் நூறைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு வைத்து விற்கவேண்டி வந்தது. வரத்து ஆந்திராவையும் கர்நாடகாவையும் நம்பி இருக்கிறது, அங்கே மழை அடித்தால் இங்கே இப்படித்தான். அந்த வாரம் வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, கூட்டு, எலுமிச்சை ரசம் என்று ஓட்டிவிடலாம். தக்காளி இல்லாமல் சமைக்கத் தெரியாத சமையலா நம்முடையது?

பாலையும் முட்டையையும் தொடாதீர்கள். ஆவின் மாதாந்திர அட்டை போட்டால் பாலில் கொஞ்சம் குறையும், அது போதும். மாதக் கடைசியில் எல்லார் தட்டிலும் வைத்துவிட்டு நீங்கள் ரசத்தோடு எழுந்துவிடுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். முட்டை ஐந்து பேருக்கு என்றால் ஐந்துதான்.

அடுத்த மாதமே ஒன்பதாயிரத்துக்கு வந்துவிடாது. பத்தாயிரத்து ஐநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நொறுக்குத்தீனிக்கு ஒரு பைசா இல்லாமல் போடுகிற பட்ஜெட் பத்தாம் தேதிக்கு மேல் தாங்காது.

கோயம்பேடு விஷயத்தில் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. விலை குறைவுதான், ஆனால் மொத்தமாக எடுத்தால்தான் அந்த விலை. ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு பெட்டி தக்காளி எதற்கு? உங்கள் மாடியில் மூன்று வீடு சேர்ந்தால், மாதம் ஒரு தடவை அதிகாலையில் அவர் போய் வெங்காயம், உருளை, பூண்டு, தேங்காய் எடுத்துவந்து பிரித்துக்கொள்ளுங்கள். கீரையும் தக்காளியும் தெருவிலேயே இருக்கட்டும். போகிற நாளில் ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தால் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும், அதையும் சொல்லிவையுங்கள்.

அண்ணாச்சியிடம் நோட்டு வேண்டாம். நல்லவராகவே இருப்பார், ஆனால் நோட்டு இருக்கிற கடையில் யாரும் விலை கேட்பதில்லை. சில்லறையாக ரொக்கத்துக்கு வாங்குங்கள். ஏலக்காய், மிளகு, முந்திரி மாதிரி விலை கூடிய சாமானை ஐம்பது கிராமாக நிறுத்துத் தருவது அவர் ஒருவர்தான். சம்பளம் தள்ளிப்போகிற மாதம் மட்டும் கேளுங்கள், அப்போதும் அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு மட்டும். பிள்ளைகளை அந்தக் கடைக்குத் தனியாக அனுப்பாதீர்கள், “அம்மா கணக்கில் எழுதிக்குங்க” என்று சொல்லப் பழகிவிடுவார்கள்.

அன்புடன்,
அக்கா